விமானத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்

முடியாது என்று மற்றவர்கள் சொன்ன பல காரியங்களை என் தம்பி குஞ்சிதபாதம் முடித்துக் காட்டியிருக்கிறான். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தேறினான். மரப்பட்டறை ஒன்றில் வேலை செய்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. இனி மடங்காது என்றார்கள். ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து மடக்கிவிட்டான். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, கூட வந்தவர்கள் சலித்துப்போய் விலகிய பிறகும் நின்று, நிரந்தரத்துக்கு ஒரு படி கீழான சொசைட்டி தொழிலாளி ஆனான். காயத்ரியைக் கட்டித்தர மாட்டேன் என்று சொன்ன காடாம்புலியூர் மாமனார், இன்று சீசன் வந்தால் முதல் பலாப்பழத்தை மருமகன் வீட்டில்தான் இறக்குகிறார். கடலூரில் நடந்த கைவினைப் போட்டிக்கு, வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் பாகங்களை எடுத்து ஒட்டிய பொம்மைகளோடு பலர் வந்திருந்தார்கள். இவன் பலா மரத்தில் செதுக்கிய விமானத்தோடு போய் இரண்டாம் பரிசு வாங்கினான்.

இவற்றை நான் எங்கேயும் நிமிர்ந்து சொல்வேன். 2023 ஆயுத பூஜை அன்று நடந்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அதை விட்டுவிட்டு எழுதினால் அது அவன் கதை ஆகாது.

அவன் செய்வதெல்லாம் விமானங்கள். அதிலும் ஜப்பான் கடற்படை விமானங்கள் மட்டும். மந்தாரக்குப்பத்தில் பழைய பேப்பர் கடையில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தின் பாதி கிடைத்தது. அட்டை கிடையாது. அதில் கப்பலின் மேல்தட்டில் இறக்கையை மடித்துக்கொண்டு நிற்கும் விமானத்தின் படம் இருந்தது. கை கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது என்றான். அங்கே ஆரம்பித்தது. பிறகு போனில் தேடினான். ஜப்பான் எழுத்தின் மேல் கேமராவைக் காட்டினால் அது தமிழில் ஏதோ சொல்லும். அதில் பாதி புரியும், மீதியை அவன் ஊகித்துக்கொள்வான். எந்தப் படைப்பிரிவு எந்தத் தளத்தில் இருந்தது, வாலில் என்ன எழுத்து, என்ன பட்டை என்றெல்லாம் கேட்டால் சொல்வான். யோகோசுகா, கசுமிகவுரா, கனோயா, ரபவுல் என்று அவன் சொல்லும்போது, பண்ருட்டி, காடாம்புலியூர், வடக்குத்து, ஆர்ச் கேட் என்று கண்டக்டர் சொல்வது போல் இருக்கும். அந்தமானில் போர்ட் பிளேரில்கூட அவர்களுடைய கடல் விமானங்கள் வந்து இறங்கின என்பதை அவன் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

உடம்புக்குப் பலா மரம். மாமனார் ஊர் மரவாடியில் கழித்துப் போட்ட துண்டுகள். விமானியின் கூண்டுக்கு, புதுச் சட்டையின் கழுத்துப் பட்டைக்குள் வைத்து வருகிற கண்ணாடி பிளாஸ்டிக். இறக்கை மடங்குவதற்குப் பழைய மூக்குக் கண்ணாடியின் கீல். பெயிண்ட் மட்டும் நைனா முகமது பாய் கடையில்.

நைனா பாய்க்கு மந்தாரக்குப்பத்தில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. ஒரு வண்டியின் பழைய நிறத்தைக் கண்ணால் பார்த்தே கலந்துவிடுவார். தம்பி போய்ப் போனை நீட்டினால் வாங்க மாட்டார்.

"போன்ல பச்சை காட்டாத தம்பி. ஒவ்வொரு போனுக்கும் ஒரு பச்சை. வாயால சொல்லு."

"மாங்கொழுந்து இல்ல பாய், முத்தின மா எலை. மழை பேஞ்சி ரெண்டு நாள் ஆன மாதிரி."

"அப்படிச் சொல்லு. பொண்டாட்டிக்குப் பொடவை எடுக்கப் போனாக்கூட இவ்ளோ சொல்ல மாட்ட."

கலந்து ஒரு சின்ன டப்பாவில் ஊற்றிக் கொடுப்பார். எதற்கு என்று கேட்டதற்கு, நேவி விமானம் என்று மட்டும் தம்பி சொல்லியிருக்கிறான். பாய் நம் நாட்டு நேவி என்று நினைத்துக்கொண்டார். தம்பியும் விளக்கவில்லை, மறைக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. ஜப்பான் அடையாளமான சிவப்பு வட்டங்களை அவன் வீட்டில் வைத்து, வேறு டப்பாவிலிருந்து வரைந்தான்.

அந்த வருஷம், நான் குடியிருக்கும் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் நலச்சங்கம், ஆயுத பூஜை அன்று சங்கக் கூடத்தில் கைவேலைக் கண்காட்சி வைத்தது. செயலாளர் அறிவுச்செல்வன் சார் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார். நன்றாக அமைந்தால் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் நிரந்தரமாக வைப்போம் என்றும் சொன்னார். தம்பி செய்ததிலேயே பெரியதை எடுத்து வந்தான். நகாஜிமா நிறுவனம் செய்த மூன்று பேர் உட்காரும் குண்டு விமானம். ரியூஜோ என்ற விமானம் தாங்கிக் கப்பலில் இருந்த வகை. இறக்கை மடங்கும், விரியும். உள்ளே மூன்று ஆட்களும் உண்டு. துப்பாக்கிக்காரன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் பார்ப்பான்.

பக்கத்தில், சங்கத்தின் பெயர் அச்சிட்ட ஒரு அட்டை. விமானத்தின் பெயர், கப்பலின் பெயர், நீளம், வேகம் எல்லாம் எழுதி, கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "1942 ஏப்ரலில் வங்கக் கடலில் பல சரக்குக் கப்பல்களை வெற்றிகரமாக மூழ்கடித்த விமானம்."

ஆயுத பூஜை என்றால் இங்கே சுரங்கத்து ராட்சத இயந்திரத்துக்கும் பொட்டு, சைக்கிளுக்கும் பொட்டு. கூடத்தில் வைத்திருந்த தையல் மிஷின், மரத்தேர், மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. விமானம் மட்டும் சும்மா இருக்குமா. மூக்கில் சந்தனம், இறக்கையில் பொட்டு, சாமந்தி மாலை. இரண்டு சக்கரத்தின் முன்னாலும் எலுமிச்சம்பழம். தம்பியே கற்பூரம் காட்டினான்.

"இன்னா குஞ்சிதம், பெட்ரோலா டீசலா?" என்று ஒருவர் கேட்டார்.

"எதுவா இருந்தா இன்னா, பழத்து மேல ஏத்தி ஒரு ரவுண்டு எடு. ஆர்ச் கேட் வரைக்கும் நானும் வர்றேன்" என்றார் இன்னொருவர்.

தம்பி சிரித்துக்கொண்டே சுண்டல் தட்டை எல்லாருக்கும் நீட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் நைனா பாய் உள்ளே வந்தார். தம்பிதான் போய் அழைத்திருந்தான்: உங்க பெயிண்ட்டுல செஞ்சது பாய், நீங்க வந்து பாக்கலன்னா எப்படி. பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதலில் பச்சையைப் பார்த்தார். குனிந்து, தன் நிறம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று இறக்கையின் ஓரத்தில் பார்த்தார். பிறகு சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துப் படித்தார். கடைசி வரியை வாய்விட்டு, மெதுவாகப் படித்தார்.

"வெற்றிகரமாக" என்ற இடத்தில் ஒரு தடவை நின்றார்.

"தம்பி, எங்க வாப்பாவோட வாப்பா கப்பல்ல கரி அள்ளிப் போடற வேலை. ஷரீப்புன்னு பேரு. அந்த வருஷம் ஏப்ரல்ல கல்கத்தாவுல கப்பல் ஏறினாரு. ஜப்பான் விமானம் ஒண்ணு தாழ வந்து குண்டு போட்டுது, திரும்பியும் வந்து போட்டுதுன்னு, தப்பிச்சி வந்த ஒருத்தர் ஊருல சொன்னாரு. எங்க வாப்பாவுக்கு அப்ப ஒரு வயசு."

தம்பியின் கையில் தட்டு. விமானத்தின் முன்னால் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அறிவுச்செல்வன் சார் முன்னால் வந்தார். "அதெல்லாம் அந்தக் காலம் பாய். வுடுங்க. பையன் ஆசையா செஞ்சிருக்கான்."

"வுட்டுட்டுதான் இருக்கேன் சார்." பாய் தம்பி பக்கம் திரும்பினார். "பழம் எதுக்கு தம்பி வச்சிருக்க?"

எந்த வண்டிக்கு வைத்தாலும் நாங்கள் சொல்வதையே தம்பி சொன்னான். "நல்லபடியா போயிட்டு வரணும்னு, பாய்."

"இது நல்லபடியா போயிட்டு வந்துடுச்சி தம்பி" என்றார் பாய். தட்டிலிருந்த சுண்டலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பிறகு போய்விட்டார்.

மாலையில் பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு அவனுக்குத்தான். இரண்டு தடவை பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் அதற்குள் மாலையைக் கழற்றி, பொட்டைத் துணியால் துடைத்து, விமானத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பின் வழியாக வடக்குத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருந்தான். குங்குமம் பச்சைப் பெயிண்ட்டில் ஊறி, துடைத்த பிறகும் லேசாகத் தெரிந்தது.

அதன் பிறகு அவன் மந்தாரக்குப்பம் பக்கம் போவதை நிறுத்தினான். ஷிப்ட் முடிந்தால் நேரே போகிற வழியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினான். தீபாவளிக்கு நான் போனபோது, எல்லா விமானங்களையும் தரையில் இறக்கி வைத்து, ஒவ்வொன்றின் அட்டையையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாத்துலயும் அதே மாதிரிதான்க்கா எழுதியிருக்கேன்" என்றான். "எந்த விமானத்துக்கு எத்தன குதிரை சக்தின்னு தெரியும். குண்டு எவ்ளோ எடைன்னு தெரியும். அது வுழுந்த எடத்துல யாரு இருந்தாங்கன்னு ஒருநாளும் தேடிப் பாக்கல. கரி அள்ளினவராம்க்கா. நானும் கரிப் பெல்ட்டுலதான நிக்கறேன்."

அந்தப் பெரிய விமானத்தை உடைத்துவிடப் போவதாகச் சொன்னான். காயத்ரி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஒடைங்க. ஒடைச்சிட்டு? பாய் கடைக்குப் போயி, ஒடைச்சிட்டேன்னு சொல்லுவீங்களா? அதுக்கும் போவ மாட்டீங்க. அவரு இன்னும் நீங்க அதுக்குக் கற்பூரம் காட்டிகினு இருக்கீங்கன்னுதான நெனைப்பாரு." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கண்ணி. மனுசன் சோறு தின்னு நாளாவுது."

நான் சொன்னது ஒன்றுதான். போகலாம், நானும் வருகிறேன்.

உடனே வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, அந்த மாதம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினான். விமானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறை வாசலில் நான் முன்னால், அவன் என் பின்னால், சின்னப் பிள்ளை மாதிரி நின்றான். பாய் ஒரு ஸ்கூட்டரின் மட்கார்டுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. அவன் எதுக்கு ஒளிஞ்சிகினு நிக்கறான், கடன்காரன் மாதிரி?"

தம்பி முன்னால் வந்தான். "தப்பு பண்ணிட்டேன் பாய்."

"பெயிண்ட்டு நல்லாத்தான் அடிச்சிருந்த" என்றார் பாய். கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீதான் இதெல்லாம் படிச்சவன். குண்டு போடறதுக்கு அது எவ்ளோ கீழ வரும்? மேல இருந்தவனுக்குக் கப்பல்ல நிக்கற ஆளு தெரிஞ்சிருக்குமா?"

என் தம்பி விமானத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறவன். அன்று மட்கார்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"ஒசரத்துல இருந்து போட்டா தெரியாது பாய். தாழ வந்து போட்டாங்கன்னு சொன்னீங்க. அப்படின்னா..." நிறுத்தினான். "தெரிஞ்சிருக்கும். பின்னாடி உக்காந்திருக்கறவன் திரும்பித்தான் உக்காந்திருப்பான். அவன் பாத்திருப்பான்."

பாய் தலையை ஆட்டினார். "கரி தள்றவரு கீழ இருந்திருப்பாரு. மேல வந்தாரோ என்னமோ. மவுத்தானதை யாரும் கண்ணால பாக்கல. அதனால எங்க வாப்பாவைப் பெத்தவங்க கடைசி வரைக்கும் நிக்காவுல கட்டின கருகமணியைக் கழட்டல. இத்தா இருக்கவும் மாட்டேன்னுட்டாங்க. புருஷன் செத்தவ இருக்கறதுதான அது, இவரு செத்தாருன்னு யாரு சொன்னதுன்னு கேப்பாங்களாம்."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி நின்றபடியே அழுதான். பாய் அவனைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு ஒரு டப்பாவின் மூடியை இறுக்கினார்.

"அதை ஒடைச்சிடறேன் பாய்" என்றான்.

"ஒடைச்சா? அப்புறம் எங்க பாட்டனாரு பேரை எடுக்கறதுக்கு உங்க ஊருல ஒரு எடமும் இருக்காது. சங்கத்து அலமாரியில வைக்கறாங்கன்னா வை. அந்த அட்டையை மாத்து."

"நீங்க சொல்லுங்க. அப்படியே எழுதறேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ எழுதினதுதான, நீயே எழுது. கீழ பேரைப் போடு. அன்னிக்கு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், யாரு எழுதினதுன்னே இல்ல. சங்கத்து பேரு மட்டும் இருந்துது. நான் சங்கத்தையா போயி கேக்கறது?"

அது உண்மை. அத்தனை வருஷத்தில் செய்த ஒரு விமானத்திலும் அவன் தன் பெயரைப் போட்டதில்லை. அது ஜப்பான்காரன் செய்தது, நான் பார்த்துச் செய்தவன், எனக்கென்ன கையெழுத்து என்பான். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்திருந்தோம்.

பாய் பட்டறையில் நம்பர் எழுதுவதற்காக வைத்திருந்த வெள்ளைத் தகடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெல்லிய பிரஷ்ஷும் கறுப்புப் பெயிண்ட்டும் கொடுத்தார். தம்பி தரையில் உட்கார்ந்து எழுதினான். ஒரு வரியை மண்ணெண்ணெய்த் துணியால் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது.

"1942 ஏப்ரலில் இந்த வகை விமானங்கள் வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. அந்த மாதம் கப்பலேறிய பரங்கிப்பேட்டை ஷரீப், கரி தள்ளும் தொழிலாளி, வீடு திரும்பவில்லை. அவருடைய கப்பலைத் தாக்கியது இதே வகைதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல், முதலில் இங்கே வேறு மாதிரி எழுதியிருந்தேன்."

பாய் தகட்டை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"மூழ்கடித்தனங்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் போடல. சரி" என்றார். "பேரு?"

தம்பி தகட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். தலை நிமிரவில்லை. மூலையில் சின்னதாகப் போடப் போனான். பாய் விரலை நடுவில் வைத்து, இங்கே என்று காட்டினார். அங்கே முழுப் பெயரையும் எழுதி, அதன் கீழே தேதி போட்டான்: 26 நவம்பர் 2023.