ஒரு காக்கா, ஆறு இருட்டு

சரக்கென்று ஒரு சத்தம். தாளிலிருந்து ஸ்டிக்கர் உரியும் சத்தம், அவ்வளவுதான். ஒரு வேலையாக ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். வாசலில் காவலர் என் கைபேசியை வாங்கித் திருப்பி, கேமராவின் கண்மேல் சிவப்பு வட்டம் ஒன்றை அழுத்தி ஒட்டிக் கொடுத்தார். உள்ளே எதையும் படம் பிடித்துவிடக் கூடாதாம். தொட்டுப் பார்த்த விரலில் பசை மணத்தது. மருந்தும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிற மணம். கால்கள் கம்பெனிக்குள் நடந்தன. நான் நடக்கவில்லை. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு மாடிப்படியில், பன்னிரண்டு வயதில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தேன்.

அப்போது எங்கள் ஊரில் திரும்பிய இடமெல்லாம் இந்தச் சிவப்பு வட்டங்கள்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கைபேசியிலிருந்து உரித்து, கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள். பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில், கம்பெனி பஸ்ஸின் சீட்டு முதுகில், டீக்கடை பெஞ்சின் அடியில். ஊருக்கே அம்மை போட்டது மாதிரி இருக்கும்.

மாடியறையில் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். கார் கம்பெனியில் வேலை. அவனிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது, சோப்புக்கட்டி அளவில். முன்னால் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு லென்ஸ். அதற்கு மேலே, கொஞ்சம் தள்ளி, கண்ணை வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை. பின்னால் தீப்பெட்டி அளவில் திரை. ஒரு பெட்டி, பார்ப்பதற்கு இரண்டு வழி.

எதில் பார்த்து எடுப்பது என்று கேட்டதற்கு அண்ணன் படியில் உட்கார்ந்து ஒரு பாடமே நடத்தினான். "ஸ்கிரீன்ல பாத்தேன்னு வையி, பேட்டரிய பொசுக்குன்னு தின்னுரும். அத அமத்திட்டா எடுத்த படத்தயும் காட்டாது. ஓட்டைல பாத்தா பேட்டரி அப்படியே நிக்கும். ஆனா ஒண்ணு பாத்துக்கிடு பாப்பா. ஓட்டை வேற, லென்ஸ் வேற. ஓட்டைல நீ பாக்குறதத்தான் லென்ஸும் பாக்கணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது."

அன்றைக்கே திரையில் பார்த்து ஒரு காக்கா எடுத்தேன். மின்கம்பத்துக் காக்கா. நன்றாகவே வந்தது. இருந்தாலும் என் மனம் ஓட்டையில்தான் இருந்தது. திரை எல்லோருக்குமானது, நாலு தலை வந்து முட்டும், "கையை ஏத்து, எறக்கு" என்று நாலு வாய் சொல்லும், வெயில் பட்டால் படம் மறைந்து நம் மூஞ்சியே தெரியும். ஓட்டை ஒருத்திக்கு மட்டும். கண்ணை அதில் வைத்த உடனே ஊர் சின்னதாகி, தெளிவாகி, தூரமாகி, எனக்கே எனக்கென்று ஆகிவிடும். லாரிச் சத்தம்கூடக் குறைவது மாதிரி இருக்கும். கண்ணுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்களோடு அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை. போன் கண்ணாடியில் தூசி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று விளக்கின் அடியில் வைத்துப் பார்த்து, இருந்தால் தள்ளிவிடவேண்டும். எட்டு மணி நேரம் அதுதான். அந்தக் கண் வீட்டுக்கு வந்தும் ஓயாது. வாசலில் நின்றபடியே "அண்ணி, சொம்புல ஒரு முடி கீது" என்பாள். அம்மா போய்ப் பார்த்தால் இருக்கும். "எங்க வூட்டுல மைக்ராஸ்கோப்பு ஒண்ணு தண்டச்சோறு துன்னுது" என்று அம்மா சிரிப்பாள்.

அந்த ஆனியில் தரகர் ஒருவர் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். நல்ல இடம், ஆனால் பெண் வேலையை விட்டுவிடவேண்டும். தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்த பிறகு ஒரு கம்பெனி வளாகத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

"ணா, ரெண்டு மாசத்துல லைன் லீடர் போட்டு, லைனையே என் கையில குடுத்துருவாங்க ணா," என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"லீடரு லீடருன்னு சொல்லிகினு இருந்தா வயசு நிக்குமா?" என்றார் அப்பா. அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அத்தை அதற்குப் பிறகு பேசவில்லை. சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோ கேட்டிருந்தார்கள். ஸ்டுடியோ போட்டோ வேண்டாமாம். அதில் எல்லாப் பெண்களும் ஒரே வெள்ளையாக இருக்கிறார்களாம், வீட்டில் எடுத்ததாக வேண்டும். அதுவும் ஆடி பிறப்பதற்குள். பிறந்துவிட்டால் ஒரு மாதம் கல்யாணப் பேச்சே கிடையாது.

எங்கள் வீட்டில் எல்லாம் கடைசி நாளில்தான் நடக்கும். ஆனி முடிகிற அன்று மதியம் அத்தைக்கு மாம்பழக் கலர் புடவை கட்டி, அம்மா பூ வைத்துவிட்டாள். அண்ணன் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தான். எடுக்கத் தெரிந்தது எனக்கு மட்டும் என்பதால் எனக்கு அன்று வீட்டில் ஒரு மரியாதை. அப்பாவே என்னிடம், "வெளிச்சம் போதுமா?" என்று கேட்டார்.

படம் எடுக்க வாசலுக்குப் போகும்போது அத்தை கை நீட்டினாள். "குடுடி, கண்ணாடில தூசி கீது. தொடச்சுத் தரேன்."

அவள் சொன்னால் இருக்கும். கொடுத்தேன். உள்ளறைக்கு எடுத்துப் போய், கம்பெனித் துணியால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பொட்டு இன்னா ஆச்சு?" என்றாள் அம்மா. அத்தையின் நெற்றி வெறுமையாக இருந்தது.

"உயுந்துட்ச்சு போல அண்ணி." கண்ணாடி ஓரத்தில் அத்தை வரிசையாக ஒட்டி வைத்திருப்பவற்றில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். எல்லாம் ஒரே மாதிரி, கருஞ்சிவப்பு வட்டங்கள்.

வாசலில், வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிறுத்தினோம். அப்பா என் பின்னால் நின்றுகொண்டார். நான் திரையைப் போடப் போனேன். இவ்வளவு முக்கியமான படத்துக்குத் திரைதான் சரி என்று எனக்கே தோன்றியது. அத்தை நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: "ஸ்கிரீன் வேணாம்டி. வெயில்ல ஒண்ணும் தெரியாது, பேட்டரியும் பூடும். ஓட்டைல பாரு. உனுக்கு அதான புடிக்கும்?"

எனக்கு எது பிடிக்கும் என்று அந்த வீட்டில் கவனித்திருந்தவள் அவள் ஒருத்திதான். கண்ணை வைத்தேன்.

அந்த ஓட்டைக்குள் நான் பார்த்த அத்தையை இப்போதும் பார்க்கிறேன். சுண்டுவிரல் நகம் அளவு அத்தை, சுண்டுவிரல் நகம் அளவு மாம்பழக் கலர். நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரிய, தோள் தளர. மூன்று வாரமாக வீட்டில் காணாத சிரிப்பு. பெண் பார்க்கும் போட்டோவுக்கு இவ்வளவு சிரிக்கலாமா என்று அப்பாவே முனகினார். நான்கு போதும் என்றேன். "இன்னும் ரெண்டு எடு," என்றாள் அத்தை. ஆறு எடுத்தேன்.

முடிந்ததும் அவள் மறுபடி கை நீட்டினாள், துடைத்து உறையில் போட்டுத் தருவதாக. "டைம் ஆச்சும்மா, தரகர் காத்துகினு இருப்பாரு," என்று அப்பா என் கையிலிருந்தே கேமராவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அத்தையின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு பூவைச் சரிசெய்துகொண்டது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் போட்டோ கடை. தரகர் வந்து உட்கார்ந்திருந்தார். ஆறு மணி பஸ்ஸில் படத்தோடு வாலாஜாபாத் போவதாக ஏற்பாடு. கடைக்காரர் கேமராவிலிருந்து மெமரி அட்டையை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், ஒரு காக்கா கீது. அப்பால ஆறு இருட்டு கீது. எதுக்குப் பிரிண்ட் போடணும்?"

அப்பா எட்டிப் பார்த்தார். ஆறும் கறுப்பு. ஓரத்தில் மட்டும் மெலிதாக ஒரு சிவப்பு, கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு.

கடைக்காரர் கேமராவைத் திருப்பினார், நகத்தால் சுரண்டினார், லென்ஸிலிருந்து வந்த வட்டத்தை மேசைக் கண்ணாடியில் ஒட்டினார். "இன்னா சார், கேட்டுல ஒட்டுன கம்பெனி ஸ்டிக்கரக் கழட்டாமயே எடுத்துகினு வந்துட்டீங்க? தெனம் ஒருத்தர் இப்டி வராங்க."

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் வட்டமாகச் சிவப்பாக ஒன்று லென்ஸ்மேல் இருந்தால், அது கம்பெனி ஸ்டிக்கர். வேறு எதுவாகவும் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. "பின்னாடி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஓட்டைல பாத்தியே," என்றார் அப்பா என்னிடம்.

"அப்ப காக்கா மட்டும் எப்டி வந்துச்சு?" என்று கேட்டேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தரகர் எழுந்துவிட்டிருந்தார். போய்ச் சேருவதற்கு முன்பே படம் இருட்டடிக்கிறது, சகுனம் சரியில்லை, ஆடி போகட்டும் என்றார். ஆடி போயிற்று. அதற்குள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு இடம் அமைந்துவிட்டது.

மேசையிலிருந்து அந்த வட்டத்தை நான் உரித்துக்கொண்டு வந்தேன். விரலில் மெத்தென்று, வெல்வெட் மாதிரி இருந்தது. பெரிய கம்பெனி, ஸ்டிக்கர்கூட எவ்வளவு உசத்தியாகச் செய்கிறார்கள் என்று வியந்து, கணக்கு நோட்டின் அட்டையில் ஒட்டிவைத்தேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த அண்ணனிடம் அப்பா குறைப்பட்டுக்கொண்டார். அவன் கேமராவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். "இருக்கும் அண்ணாச்சி, என் தப்புதான்," என்றான். தூசியைக்கூடத் தப்பவிடாத அத்தை, லென்ஸுக்கு நேர் எதிரே, பத்தடியில், ஆறு படம் முடியும்வரை நின்றிருந்தாள் என்பதை எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது ஒரகடத்தில், கைபேசியில் இருக்கிற ஸ்டிக்கரைத் தடவிப் பார்க்கிறேன். வழவழவென்று வெறும் காகிதம். எந்தக் கம்பெனியும் வெல்வெட்டில் ஸ்டிக்கர் செய்வதில்லை. அன்றைக்கு லென்ஸில் இருந்தது அத்தையின் பொட்டு.

அவள் லைன் லீடர் ஆனாள். அடுத்த வருஷம் மறைமலை நகரில் இன்னொரு கம்பெனி கூப்பிட, விடுதியில் தங்கிக்கொள்வதாகக் கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் அவள் பெட்டியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சொதப்பியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒரு வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னேன். என்னால்தான் அத்தை உனக்கு அந்தக் கல்யாணம் போச்சு என்றேன்.

அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள், விளக்கடியில் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரி. என் கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டாள். பஸ் வந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இனிமே யாரப் படம் புடிச்சாலும் பின்னாடி ஸ்கிரீன்ல பாத்துப் புடிடி," என்றாள். "ஓட்டைல பாத்துப் புடிச்சது என் ஒருத்தியோட போவட்டும்."