வட்டப் பூங்காவின் குறுக்கே ஒரு பாவு

ஐம்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு பொட்டல் நிலம். நெசவாளர் சங்கத்துக்கு வீடு கட்டிக்கொள்ளக் கிடைத்த இடம் அது. ஒரே அறைக்குள் தறியும் அடுப்பும் இடித்துக்கொண்டு வாழ்ந்த குடும்பங்களுக்கு முதல் சொந்த வீடு. வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான்.

நான் பாளையங்கோட்டையில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் படித்தவன். சனிக்கிழமை தோறும் எங்களைச் சாக்கடை வெட்டவும் கூரை வேயவும் அனுப்பிவிடுவார்கள். அப்போது திட்டிக்கொண்டே போனாலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பம்பாயில் கட்டடக்கலை படித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஓர் ஊருக்குக் கூலி வாங்காமல் வரைந்து கொடுப்பேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்திருந்தது, பொய் சொல்வானேன்!

இந்தக் குடியிருப்புக்கு நடுவே வட்டமாக ஒரு பூங்கா, அதைச் சுற்றி வளைந்து போகும் தெரு என்று போட்டிருந்தேன். சங்கத்தில் காட்டினேன். "ரொம்ப நல்லாருக்கு சார்" என்றார்கள் எல்லோரும். நிலத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று.

கடைக்கால் தோண்ட இரண்டே நாள் இருந்தது. ஒரு தடவை சரிபார்க்கலாமே என்று சொல்லாமல் கொள்ளாமல் காலை ரயிலில் வந்து இறங்கினேன். பார்த்தால், என் பூங்காவின் குறுக்கே கம்பு நட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவு கட்டியிருக்கிறார்கள்! தறியில் ஏற்றும் முன் நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, காய்வதற்குள் தேய்த்துவிட வேண்டும். அந்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடெல்லாம் காலில் மிதிபட்டுக் கிடந்தது.

கத்தினேன். தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிரக்கூட இல்லை.

"சார், கஞ்சி காயுது. பொறவு ஏசுங்க. இப்பம் அந்தக் கயித்தை இழுத்துப் பிடிங்க, தொய்யுதுல்லா?"

பேண்ட்டும் ஷூவுமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் உறைத்தது. பாவு நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. என் தெருவோ நாலு வீடு தாண்டியதும் வளைகிறது.

"வீடு வந்த பிறகு இதை எங்கே கட்டுவீங்க?" என்று கேட்டேன்.

எல்லோரும் சங்கத் தலைவரைப் பார்த்தார்கள். அவர் நெளிந்தார். "நீங்க சும்மா செஞ்சு தாறீய. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா சார்?"

"பல்லைப் பாக்க வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் அந்த அம்மாள், தேய்ப்பதை நிறுத்தாமலே. "உழுமான்னு பாக்க வேண்டாமா?"

பொட்டலே சிரித்தது. எனக்கும் முதலில் முகம் சுண்டி, அப்புறம் சிரிப்பு தாங்கவில்லை. வீடு கொடுக்கிறேன் பேர்வழி என்று அத்தனை பேர் பிழைப்பையும் கெடுக்கப் பார்த்தேனே! பாவு காய்ந்ததும் அதன் ஓரமாகவே கோடு கிழித்தோம். அதுதான் தெரு. பூங்காவைக் கலைத்து, நிழலுக்கு இரண்டு பக்கமும் வேம்பு. வட்டத்தை நானே ஷூக் காலால் அழித்தேன்.

பால் காய்ச்சிய அன்று போயிருந்தேன். விடிந்ததும் விடியாததுமாகத் தெரு முழுக்கப் பாவு! குனிந்து குனிந்துதான் வீடு வீடாகப் போய்ப் பால் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறெந்தக் கட்டடத்திலும் கிடைத்ததில்லை.

சும்மா கொடுப்பவனிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அவன்தான் கேட்டு வாங்க வேண்டும். இன்றும் நான் வரைந்ததைப் பார்த்து எல்லோரும் "நல்லாருக்கு" என்றால் விடாமல் இன்னும் நாலு பேரிடம் காட்டுகிறேன். "உழுமா?" என்று யாராவது ஒருத்தி கேட்ட பிறகுதான் பென்சிலைக் கீழே வைக்கிறேன்.