வாட்ச்சைக் கழற்றி வைத்த கொலைகாரன்

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவனுக்கு 'முறைப்பு' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். வாடிக்கையாளரை முறைப்பான். பட்டன் அறுந்த சட்டையை முறைப்பான். இஸ்திரிப்பெட்டி சூடாகத் தாமதமானால் அதையும் விடமாட்டான். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு: அவன் தேய்த்த துணியில் சுருக்கம் இருக்காது. மற்றதைக் கட்டிக்கொண்டவளிடம்தான் கேட்க வேண்டும்.

அவள் வாய் திறக்க மாட்டாள். கூடப்பிறந்த தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டாலோ, மகள் பள்ளியிலிருந்து வரத் தாமதித்தாலோ, அவன் கத்தமாட்டான். வாட்ச்சைக் கழற்றி அலமாரியின் மேல் வைப்பான். முழுக்கைச் சட்டையின் கையை விளிம்பு பிசகாமல் மடித்து, நீவிவிட்டுக்கொள்வான். அதற்குப் பிறகுதான் அடி. வாட்ச் பலகையில் 'டக்'கென்று உட்காரும் சத்தத்திலேயே அவள் அடுப்பை அணைத்துவிடுவாள். மகள் பின்னறைக்கு ஓடிவிடுவாள்.

தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவன். சொந்தமாக ஒரு கொலைப்படம் எடுக்கவேண்டும் என்று அவனுக்குக் கிறுக்குப் பிடித்தது. வில்லனுக்காக அவன் எங்கும் அலையவில்லை.

"மாமா, நீங்க சும்மா வந்து நின்னா போதும். பாக்கறவங்க நடுங்கிடுவாங்க."

முறைப்பு மீசையைத் தடவிக்கொண்டான். நடிகர்களுக்கான உடைகளையும் அவனே கொண்டுவந்தான். எல்லாம் கடைக்குச் சலவைக்கு வந்தவை. கறை பட்டால் வேலை போய்விடும் என்று படப்பிடிப்பு முழுக்க எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருந்தானாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னத் தியேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சொந்தபந்தம், கடைக்காரர்கள், அக்கம்பக்கம் எல்லோரையும் தம்பி கூப்பிட்டிருந்தான். கிளம்பும்போது முறைப்பு அவளிடம் சொன்னான்: "வீட்ல மட்டும் இல்ல, இன்னியிலேருந்து ஊரே என்னைப் பாத்துப் பயப்படும். பாரு."

படத்தில் போலீஸ் ஜீப் வந்தது. அது கல்யாணக் கார். கதவிடுக்கில் பூச்சரம் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே லேசாகச் சிரிப்புக் கிளம்பியது.

அடுத்தது கொலை. நாற்காலியில் ஒருவனைக் கட்டிப்போட்டிருந்தார்கள். வில்லன் உள்ளே வந்து முறைத்தான். வாட்ச்சைக் கழற்றினான். மேஜையில் வைத்தான்.

அவள் பக்கத்திலிருந்த மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் அவன் சட்டைக்கையை மடித்தான். நீவினான். திருப்தியில்லாமல் பிரித்து மறுபடி மடித்தான். சட்டைக் காலரில் சலவைக்கடைச் சீட்டு பெரிதாகத் தெரிந்தது. காத்திருந்து அலுத்துப்போன பலியாள், தன்னைக் கட்டிப்போட்டிருப்பதையே மறந்து, கையை எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டான்.

தியேட்டர் வெடித்தது.

"யோவ், கொல்ல வந்தியா, தேய்க்க வந்தியா?"

"சீக்கிரம்பா! சாகறவருக்கு வேற வேலை இருக்கு!"

பின்வரிசையில் ஒரு பெண்குரல்: "கட்டிப்போட்டவனை அடிக்க இத்தனை ஏற்பாடா!"

ஒருவழியாகக் கத்தி இறங்கியது. தம்பியின் கைப்பழக்கம் விடுமா? செத்தவன் முகத்தின் மேல் ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. அதைச் சுற்றி இதயவடிவச் சட்டம் ஒன்று மெல்ல மூடியது. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டது.

அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு காலம் இந்த மனிதனுக்கா பயந்து செத்தோம் என்று ஆத்திரம் வந்தது. அந்தப் பெண்குரல் காதைவிட்டுப் போகவேயில்லை.

மானம் கப்பலேறிய முறைப்பு, வீட்டுக்கு வந்ததும் கதவை அறைந்து சாத்தினான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீயும் சிரிச்சியாடி?"

"இல்ல."

நிஜமாகவே இல்லைதான். அவன் நம்பவில்லை. வாட்ச் கழன்றது. அலமாரியில் 'டக்'கென்றது. மகள் பின்னறைக்கு ஓடாமல், அம்மாவை ஒட்டி நின்றுகொண்டாள். அவன் சட்டையின் வலதுகையை மடிக்கத் தொடங்கினான்.

"மடிப்பு கோணலா இருக்கு," என்றாள் அவள்.

அவன் குனிந்து பார்த்தான். பார்த்துத் தொலைத்தான்! மகளுக்குச் சிரிப்புப் பீறிட்டது. அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்துவிட்டது. அவன் முறைத்தான். திரையில் முறைத்த அதே முறைப்பு. அது இன்னும் மோசமாகப் போயிற்று. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் மட்டும் சிரிக்காமல் போனைக் கையில் எடுத்தாள். "அடிங்க. அதுக்கு முன்னாடி தம்பிய கேமராவோட வரச் சொல்றேன். நீங்க எப்பிடி அடிப்பீங்கன்னு இன்னிக்குத்தான் ஊரே பாத்துது. யாரை அடிப்பீங்கன்னும் பாக்கட்டும்."

மடித்த கையை இறக்கிவிடவும் தெரியாமல், ஓங்கவும் தெரியாமல் அவன் நின்றான். பிறகு வாட்ச்சை எடுத்துக் கட்டப் பார்த்தான். வார் கொக்கியில் மாட்டவேயில்லை. உதவிக்கு யாரும் போகவில்லை.