கலப்பைக் கிழங்கு வேலி

எதிர்வீட்டுக்காரர் மாடித்தோட்டப் பைத்தியம். நேற்று செங்காந்தள் கொடி காய்ந்து செத்துவிட்டதென்று தொட்டியைக் குப்பையில் கொட்டப் போனார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. தொட்டியைப் பிடுங்கி மண்ணைக் கிளறினேன். கலப்பைபோல் இரண்டாகப் பிரிந்த கிழங்கு, உள்ளே கனமாக, உயிரோடு கிடந்தது.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் இருந்த எங்கள் குடிசையைச் சுற்றி இதைத்தான் அம்மா வேலியாக நட்டிருந்தாள். விஷமென்பதால் ஆடு வாய்வைக்காது. இலையின் நுனியே சுருண்டு குச்சியைப் பற்றிக்கொள்ள, பச்சையாக விரியும் பூ மஞ்சளாகி, பிறகு தீயாய்ச் சிவப்பதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம்.

ஒரு கோடையில், அம்மா கூலி உயர்வு கேட்டதற்காகப் பண்ணையாரின் ஆட்கள் குடிசையைப் பிரித்தெறிந்து, காய்ந்த வேலியையும் பிடுங்கி, தரையை நிரவிவிட்டார்கள். குடியிருப்பவருக்கே மனை சொந்தமென்று சட்டம் வந்திருந்த சமயம். ஆடி மழைக்குப் பிறகு தாசில்தார் விசாரிக்க வந்தார்.

“இங்க யாரும் குடியிருந்ததே இல்லீங்க, வெறும் திடல்” என்றார் பண்ணைக் காரியஸ்தர்.

நூல் பிடித்தாற்போல் நாலு பக்கமும் முளைத்திருந்த தளிர்களை அம்மா காட்டினாள்.

தாசில்தார் வரிசையோடு நடந்துபோய், ஓரிடத்தில் நின்றார். “இங்க மட்டும் ஏம்மா முளைக்கல?”

“அது வாசலுங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வழியாக உள்ளே வந்தார்.