எட்டாயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல்

எங்கள் குடும்பத்தில் விசாவோ வரியோ இன்சூரன்ஸோ, யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வரும். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இத்தனை வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறவள், ஒரு வரி விடாமல் படிப்பவள் என்று எனக்குப் பெயர். அதில் எனக்குத் திமிரும் உண்டு.

டெக்சஸில், ஆலனில் இருந்த என் தம்பிக்கு ஐ.டி. வேலை போனது. நாங்கள் நாமக்கல்காரர்கள், லாரி ஓட்டிப் பிழைத்த குடும்பம். அவன் வேறு கம்பெனி தேடவில்லை. பழைய டீசல் பிக்அப் ஒன்றை வாங்கி, பின்னால் ட்ரெய்லர் மாட்டி, கட்டட வேலைக்கான மெஷின்களை ஏற்றிப்போக ஆரம்பித்தான். அதற்குள் அவன் மனைவி பிரிந்து, எட்டு வயது மகளோடு ஃப்ரீமான்ட்டுக்கே வந்துவிட்டாள். இந்த ஊரில் வீடும் வேலையும் இருப்பதாகக் காட்டினால், வாரத்தில் மூன்று நாள் குழந்தை அவனோடு இருக்கலாம் என்றார் நீதிபதி.

கிளம்புமுன் என்னை ஃபோனில் கூப்பிட்டான். வண்டியை விற்றவன், புகைக் குழாயில் இருந்த ஃபில்டரை அறுத்து எறிந்திருந்தான். டெக்சஸில் டீசலுக்குப் புகை டெஸ்ட் இல்லாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. கலிஃபோர்னியாவில் எப்படி என்று கேட்டான். இதை எடுத்துக்கொண்டு பெட்ரோல் வண்டி கொடுக்க ஒரு டீலர் தயாராக இருக்கிறாராம், மாற்றிவிடட்டுமா என்றான்.

“வேண்டாம்டா. எடை எட்டாயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல போனாலே ஹெவி டியூட்டி, லாரிக் கணக்கு. கார் மாதிரி ஸ்மாக் செக் எல்லாம் அதுக்குக் கிடையாது. தைரியமா ஓட்டிட்டு வா.”

வந்தான். மௌரி அவென்யூ பக்கம் புகை டெஸ்ட் செய்யும் ஒரு ஸ்மாக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் கதவோரத்து ஸ்டிக்கரைப் படித்தார். சுமையோடு சேர்த்து வண்டி தாங்கும் எடை பத்தாயிரம் பவுண்டு. நான் என் ஹெவி டியூட்டிப் பாடத்தை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். அது ஃபெடரல் கணக்கு, கலிஃபோர்னியாவில் இது மீடியம் டியூட்டி, பதினாலாயிரம் வரைக்கும் டீசல் பிக்அப் எல்லாம் டெஸ்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்றார். பிறகு டார்ச்சோடு குனிந்து பார்த்தார். ஃபில்டர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழாய். ஃபெயில் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒரே வண்டிக்கு வாஷிங்டன் சட்டத்தில் ஒரு ஜாதி, கலிஃபோர்னியா சட்டத்தில் ஒரு ஜாதியா என்று திரும்பி வரும்போது கத்தினேன். என்னத்தைக் கத்தி என்ன? அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்று மூச்சு விட்டுப் பார்த்தவர்கள் சட்டத்தைத் திட்டமாட்டார்கள்.

ஃபில்டர், சென்சார், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கப் பல மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை இந்த ஊர் நம்பர் பிளேட் கிடைக்காது. கலிஃபோர்னியா ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டியில் மெஷின் ஏற்ற எந்தக் கான்ட்ராக்டரும் சம்மதிக்கவில்லை. இரண்டு வாரத்தில் கோர்ட் தேதி வந்தது. வேலை என்று காட்ட அவனிடம் எதுவும் இல்லை. நீதிபதி கடுமையாகப் பேசவில்லை. வாரத்துக்கு மூன்று வீடியோ கால், கோடை விடுமுறையில் பத்து நாள் என்று எழுதினார். என் மருமகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பாவி நான்.

அவன் திரும்ப ஆலனுக்குக் கிளம்பிய காலையில், வாசலில் நின்று திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

“விடுக்கா. நீயும் ரூலைப் பார்த்துட்டுத்தானே சொன்னே” என்றான்.

நான் எதையும் பார்க்கவில்லை. அவன் கூப்பிட்டபோது ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். அந்தப் பக்கம் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு, எப்போதோ ஒரு லாரி கம்பெனியின் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்தபோது மனப்பாடமான ஒரு வரியைச் சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“ஆமாண்டா, பார்த்துட்டுத்தான் சொன்னேன்” என்றேன்.