இடிக்கும் முன் கூப்பிட்டவர்

ஜமுனாமரத்தூரின் பழைய வீடுகளைப் பற்றிக் குறிப்பெடுக்கப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். ஊரிலேயே முதலில் ஓடு போட்ட வீட்டை இடிக்க வந்திருந்தார். ஒல்லியான மனிதர், புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. புளி வியாபாரி ஒருவர் கட்டிய அந்த வீடு, பேரன்கள் திருப்பத்தூருக்குக் குடிபோனதிலிருந்து பூட்டியே கிடந்தது. ஆனாலும் இவர் ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, “யாருனா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

“பூட்டின வீட்டுல யாருங்க இருப்பாங்க?” என்றேன்.

“அமிர்தி பக்கம் ஒரு வூட்ல இப்பிடித்தான் கூப்ட்டேன். ‘இருப்பா, வர்றேன்’னு ஒரு பொம்பள குரல் வந்துச்சிங்க. உள்ள போய்ப் பார்த்தா யாரும் இல்ல. சாயந்தரம் வரிக்கும் காத்துனு இருந்தோம்.”

“அப்புறம்?”

“இடிச்சிட்டோம். இன்னா பண்றது, கூலிக்குப் போனவங்க.” அவர் குரல் தாழ்ந்தது. “வர்றேன்னு சொன்னாங்க. அத கேட்டுட்டும் இடிச்சிட்டோம்ங்க.”

கடைசி அறையில் கூப்பிட்டதும் என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு எதுனா கேட்டுச்சா?”

இல்லை என்றேன். அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.