ஃபிர்னின் மீசை

ஒக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சுவிஸில் ஷாஃப்ஹவுசனுக்கு வெளியே இருந்த குதிரை லாயத்தின் முற்றத்தில் லொறியின் பின்கதவு இறங்கியது. உள்ளே நின்ற வெள்ளைப் பெண்குதிரை அமெரிக்கா போய்ப் பந்தயத்தில் தோற்றுத் திரும்பியிருந்தது. பெயர் ஃபிர்ன். மலையுச்சியில் வருடக்கணக்காய்க் கிடந்து இறுகிய பனிக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பத்மினி ஏறிப்போய்க் கையை நீட்டினாள். ஃபிர்ன் வழக்கம்போல மூக்கைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் அழுத்தியது. பத்மினிக்குத் திக்கென்றது. கையைக் குறுகுறுக்க வைக்கும் நீண்ட மயிர் ஒன்றுகூட இல்லை. கண்ணோரத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கேயும் மழித்திருந்தார்கள்.

பத்மினிக்கு ஃபிர்ன் ‘அது’ அல்ல, ‘அவள்’. ‘அது’ என்று சொன்னவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆகையால் இனி இங்கேயும் அவள்தான்.

பத்மினிக்கு நாற்பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, உணவகத்தில் சட்டி கழுவி, கடைசியில் சாணி அள்ள ஒரு மாதத்துக்கு ஆள் தேவை என்று இந்த லாயத்துக்கு வந்தவள். அந்த ஒரு மாதம் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. திரிம்பாக்கில் உள்ள தமிழர் கோயில் திருவிழாவில் சனம் கூடும்போது, முதியோர் இல்லத்தில் வேலை, ஆஸ்பத்திரியில் வேலை என்று மற்றவர்கள் சொல்ல, இவள் “குதிரையோடை” என்பாள். கொஞ்சப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். குதிரைப் பத்மினி என்று பெயரும் விழுந்துவிட்டது. அதற்காக அவள் ஒருநாளும் கூசியதில்லை. “ஓம், நாலு கால் உள்ளதுகளோடைதான் வேலை. ரண்டு கால் உள்ளதுகளை விட மரியாதை தெரிஞ்சதுகள்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

அமெரிக்காவில் நடந்தது இதுதான். ஐரோப்பாவில் ஓட்டம் புல்தரையில். தொடக்கத்தில் ஆறுதலாகப் போய், கடைசி நானூறு மீற்றரில் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். ஃபிர்ன் அதில் கெட்டிக்காரி. அங்கேயோ பெரிய ஓட்டங்கள் அநேகமாக மண்தரையில். கதவு திறந்த கையோடு பாய வேண்டும். பிந்தினால், முன்னால் போகிற குதிரைகளின் குளம்பு கிளப்பும் மண்ணெல்லாம் பின்னால் வருகிறவள் முகத்தில்தான். அங்கே வளர்ந்த குதிரைகள் சின்னதிலேயே அந்த மண்ணைத் தின்று பழகியவை. ஃபிர்ன் வழக்கம்போலப் பின்னால் ஆறுதலாகப் போனாள். முதல் வளைவில் மண் முகத்தில் அறைந்தது. தலையை உயர்த்தினாள், வேகத்தை விட்டாள், பதினொரு குதிரையில் பதினோராவதாக வந்தாள்.

பத்மினி கூடப் போகவில்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் வரத் தேவையில்லை என்று சொந்தக்காரர் ஹெர் கெர்பர் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார். கெர்பர் வீடு கட்டிக் கொடுக்கிற தொழிலில் முன்னுக்கு வந்தவர், கெட்டவர் அல்ல, ஆனால் கடைசியாகப் பேசினவர் சொல்வதை நம்புகிறவர். கடைசியாகப் பேசினவர் அவருடைய அமெரிக்கப் பங்காளி. மனம் விட்ட குதிரை, இனித் தேறாது, என்னிடம் தாருங்கள், இங்கே கீழ்மட்ட ஓட்டங்களில் கைக்குக் கை விற்று ஓட்டலாம் என்றாராம். மாசிக்குள் முடிவு சொல்வதாகக் கெர்பர் ஒத்துக்கொண்டிருந்தார். பெண் பயிற்சியாளரான ஃபிராவ் ஷ்டூடர் இதைச் சேண அறையில் வைத்துச் சொன்னபோது, பத்மினி கையில் இருந்த தூரிகையை வாளிக்குள் எறிந்தாள்.

“அவளின்ரை மீசையை வழிச்சுப்போட்டு ஓட விட்டிருக்கிறாங்கள். அதைப் பாத்தனீங்களோ?”

ஷ்டூடர் பார்த்திருந்தார். சுவிஸில் குதிரையின் அந்த மயிரை வெட்டச் சட்டம் விடாது. கண்ணோரத்து மயிரில் ஏதாவது பட்டவுடன் இமை தானாக மூடிக்கொள்ளும். குதிரைக்கு மூக்கின் முன்னால் இருப்பதைச் சொல்கிறதும் அந்த மயிர்தான். அமெரிக்காவில் அழகுக்காக வழித்துவிடுவது பல லாயங்களில் வழக்கம்.

“அங்கே ஓடின மற்றக் குதிரைகளுக்கும் வழித்துத்தான் இருந்திருக்கும், பத்மினி. அவை ஓடினவே.”

“அதுகள் மண்ணுக்கை வளந்ததுகள். இவள் புல்லிலை வளந்தவள். புல்லையும் பறிச்சு, மீசையையும் பறிச்சு, ஒரே கிழமையிலை ஓடு எண்டால்?”

ஷ்டூடர் வாளிக்குள் கிடந்த தூரிகையை எடுத்துத் துடைத்து அவளிடம் நீட்டினார். நியாயம் இருக்கிற இடத்தில் அந்த மனுசி எதிர்த்துப் பேசாது, அது பத்மினிக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. கணவர் இராஜேந்திரன் முதியோர் இல்லமொன்றில் சமையல்காரர். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் முழுவதையும் கொட்டினாள்.

“குதிரையின்ரை சொந்தக்காரன் விக்கப்போறான். அதுக்கு நீர் ஏன் மல்லுக்கட்டுறீர்?” என்றார் அவர்.

“எனக்கு வந்த முதல் கடிதம் ஞாபகம் இருக்கோ?”

இராஜேந்திரனுக்கு ஞாபகம் இருந்தது. அவளுடைய அகதி விண்ணப்பத்தை ஒரேயொரு நாள் விசாரித்துவிட்டு, இவள் சொல்வது நம்பும்படியாக இல்லை என்று எழுதி அனுப்பிய கடிதம். அன்று காய்ச்சலோடு போய், கேட்ட கேள்விக்கெல்லாம் தேதி மாற்றிச் சொல்லியிருந்தாள். நாட்டை விட்டுப் போ என்றார்கள். அவள் போகவில்லை. மேல்முறையீடு போட்டாள், இரண்டு வருடம் காத்திருந்தாள், வென்றாள். இங்கத்தைய தமிழர் வீடுகளில் மேல்முறையீடு என்றால் ஒருவருக்கும் விளங்காது. ரெக்கூர்ஸ் என்றால் குழந்தைக்கும் விளங்கும்.

“ஒரு நாளைப் பாத்து எழுதின கடிதம்தான் இதுவும்” என்றாள் பத்மினி. “நான் ரெக்கூர்ஸ் போடப்போறன்.”

“குதிரைக்கோ?”

“ஓம். குதிரைக்கு.”

அடுத்த சனிக்கிழமை கெர்பர் லாயத்துக்கு வந்தபோது, அவர் காரின் கதவைத் திறக்கும் முன்பே பத்மினி போய் நின்றாள். அவளுடைய ஜெர்மன் லாயத்தில் படித்த ஜெர்மன். இலக்கணம் நொண்டும், விஷயம் நொண்டாது. மாசியில் சென் மோரிட்ஸில் உறைந்த ஏரியின் மேல் ஓட்டம் இருக்கிறது, அங்கே முன்னால் போகும் குதிரைகள் பனிக்கட்டியைக் கிளப்பி அடிக்கும், அதற்குள் மீசை முளைத்துவிடும், வேண்டுமென்றே பின்னால் வைத்து ஓட்டுங்கள், நின்றால் விற்றுவிடுங்கள், நிற்காவிட்டால் அவள் இங்கே இருப்பாள் என்றாள். கெர்பர் ஷ்டூடரைப் பார்த்தார். ஷ்டூடர் தலையாட்டினார். அந்த நிமிடம் கடைசியாகப் பேசினவள் பத்மினி, ஆகவே கெர்பரும் சரி என்றார்.

இனிச் சொல்லப்போவது பத்மினியின் பிழை. அதை அவளே பிறகு ஷ்டூடரிடம் ஒத்துக்கொண்டாள். நாலு வருடமாகக் காலைப் பயிற்சியில் ஃபிர்னை எப்போதும் முன்னுக்கு விடச் சொல்லிக் குதிரையோட்டிகளைக் கெஞ்சியவள் அவள்தான். வெள்ளைக் குதிரையின் முகத்தில் சேறு தெறித்தால் பத்மினிக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சட்டையைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாள். ஆகவே புல்தரையில் தெறிக்கும் கொஞ்ச ஈரத்தைத் தவிர, வேறு குதிரையின் குளம்பு கிளப்பும் அழுக்கு எதையும் ஃபிர்னின் முகம் அறிந்ததில்லை. மீசையை வழித்தவர்கள் பாதி என்றால், மற்றப் பாதி இவள்.

முதலில் தன் முகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். பயிற்சி மணல்பாதையின் வளைவில், கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு, நாலு குதிரையைப் பக்கத்தால் பாய்ந்து போகச் சொன்னாள். ஈரமணல் வந்து கன்னத்திலும் வாயிலும் அறைந்தது. உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. ஷ்டூடர் ஓடிவந்தார். பத்மினி மணலைத் துப்பிவிட்டு, “நோவை விட, எப்ப வரும் எண்டு தெரியாததுதான் பயம்” என்றாள். அப்புறம் இன்னொரு தரம் பாயச் சொன்னாள். இரண்டாம் தரம் அவ்வளவு பயமாக இருக்கவில்லை.

கார்த்திகை, மார்கழி, தை, மூன்று மாதமும் ஃபிர்ன் பின்னால்தான் போனாள். முதலில் ஒரு குதிரைக்குப் பின்னால், நடையில். பிறகு இரண்டுக்குப் பின்னால், ஓட்டத்தில். முகம் முழுக்க மணலோடு திரும்பி வருவாள். பத்மினி கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். துடைக்கக் கை பறக்கும், துடைக்க மாட்டாள். கால்மணி நேரம் அப்படியே நடத்திவிட்டு, ஒரு கரட் கொடுத்து, அதற்குப் பிறகுதான் துணியை எடுப்பாள். மீசை மெல்ல மெல்ல முளைத்தது. தைப்பொங்கலன்று உள்ளங்கை மறுபடி குறுகுறுத்தது. பத்மினி லாயத்துக்குள் தனியே நின்று அழுதாள், மூக்கைச் சிந்தினாள், சாணி அள்ளப் போனாள்.

மாசியில் ஏரி நன்றாக உறைந்திருந்தது. வெயில் கண்ணைக் கூசச் செய்தது. கம்பளி மேலங்கிக்காரர்கள் வைன் கிளாஸோடு நிற்க, பத்மினி பனிச்சப்பாத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டுக் குதிரை. சொன்னபடியே ஃபிர்னை ஏழாவதாக வைத்தாள் குதிரையோட்டிப் பெண். முதல் வளைவில் பனிக்கட்டி வெள்ளை வெள்ளையாய்க் கிளம்பியது. ஒரு கட்டி நேராக வந்து ஃபிர்னின் நெற்றியில் வெடித்தது. அவள் தலையை உயர்த்தினாள்.

பத்மினி கம்பிக்கு மேலால் எட்டிக் குனிந்தாள். அமெரிக்காவில் இருந்து வந்த வீடியோவை நூறு தரம் பார்த்திருந்தாள், இதே மாதிரித்தான் அங்கேயும் தலை உயர்ந்தது.

ஃபிர்ன் தலையைத் தாழ்த்தினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, வந்த கட்டிகளுக்குள்ளேயே முகத்தைக் கொடுத்துப் போனாள். ஆறாவது, ஐந்தாவது. கடைசி நேர்ப்பாதையில் நாலாவதையும் தாண்டி மூன்றாவதாக முடித்தாள். வெல்லவில்லை. வென்ற குதிரை நல்ல குதிரை, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அவள் நிற்கவில்லை.

பத்மினி கடிவாளத்தைப் பிடித்தபோது ஃபிர்னின் இமையெல்லாம் பனி. துடைக்காமல் நடத்தினாள். எதிரே கெர்பர் கைப்பேசியோடு வந்தார். அமெரிக்கப் பங்காளியும் ஓட்டத்தை அங்கிருந்தே பார்த்திருந்தார். அவருடைய குரல் வெளியே கேட்டது.

“நல்ல ஓட்டம்தான், கெர்பர். ஆனால் பனி மண் ஆகாது. என்னுடைய பேச்சில் மாற்றமில்லை. அனுப்பிவிடுங்கள்.”

கெர்பர் வாயைத் திறக்கும் முன் பத்மினி கைப்பேசிக்குக் குனிந்தாள். அவளுடைய ஆங்கிலம் ஜெர்மனை விட மோசம், அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

“மண்ணிலையும் வந்து காட்டுறம். அதே இடத்திலை. ஆனா அவளின்ரை முகத்திலை ஒருத்தரும் மயிர் வழிக்கிற மெஷின் வைக்கக் கூடாது.”

“யார் பேசுவது?”

“அவளோடை வாறவள்.”

கெர்பர் பத்மினியைப் பார்த்தார், பனி வடியும் குதிரையைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், “இவள் விற்பனைக்கு இல்லை. கோடையில் ஓட வருகிறோம்” என்று சொல்லி அணைத்தார்.

கொஞ்சத் தூரம் குதிரையோடு கூடவே நடந்தார். அப்புறம், ஏதோ அப்போதுதான் நினைவு வந்தவர் போல, “பத்மினி, உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கு” என்றாள் பத்மினி. “போன செப்டம்பரிலை இருந்து சேண அறை மேசை லாச்சிக்குள்ளைதான் கிடக்குது. நீங்கள்தான் கேக்கேல்லை.”